தலை சாய்த்துக் கேட்கும் பாம்பு

நிஷிவாகி ஸோனோமி போன இடத்தில் கேள்வி கேட்காமல் திரும்பினாள் என்று ஒஸாகாவில் ஒருவரும் சொன்னதில்லை. மீன்கடையில் நின்றால் மீன் எந்தக் கடல், யார் படகு, படகுக்காரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் பொட்டலத்தைக் கையில் வாங்குவாள். கைப்பையில் எப்போதும் ஒரு கைப்பிடி மிட்டாய் இருக்கும். முதலில் மிட்டாயை நீட்டிவிட்டால் எதிராளி பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

அப்பேர்ப்பட்டவளை அந்த அக்டோபர் சனிக்கிழமை காலையில் ஒரு பாம்பு தலையைச் சாய்த்துப் பார்த்தது.

துறைமுகத்தை ஒட்டிய கண்காட்சிக் கூடம் அது. கூட்டமான கூட்டம். மேஜை மேஜையாகப் பல்லியும் ஆமையும் பாம்பும் ஐஸ்கிரீம் டப்பா மாதிரி மூடிபோட்ட டப்பாக்களில் அடுக்கப்பட்டிருந்தன. ஸோனோமி அதையெல்லாம் அரைமணி நேரம் மேய்ந்துவிட்டு, மிட்டாய் பாதி காலியான பிறகுதான் தேடிவந்த மேஜைக்கு வந்து சேர்ந்தாள். மேஜைக்காரன் முகாய் ரியோஹேய். முப்பத்தோரு வயது, மெலிந்த ஆள், வீட்டிலேயே பாம்பு வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறவன். நுழைவுச்சீட்டு கொடுத்து அவளை வரச்சொன்னவனே அவன்தான்.

"அக்கா! நிஜமாவே வந்துட்டீங்களா? சும்மா மரியாதைக்கு வாங்கிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

எங்கள் ஊரில் வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கு எழுபது வயது வரைக்கும் எல்லாப் பெண்களும் அக்காதான். ஸோனோமிக்கு ஐம்பத்துநாலு. அவளுக்கு அதில் ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

"ஓசிச் சீட்டை நான் எதுக்குப்பா விடப்போறேன்? சரி, இது யாரு? என்னைப் பாத்து ஏதோ கேக்குது பாரு."

ஒரு முழம்கூட இல்லாத பந்து மலைப்பாம்புக் குட்டி. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். பொன்னிற உடம்பில் கறுப்பு மசியால் மெல்லிசாகக் கோடு இழுத்து வலை பின்னியதுபோல் இருந்தது. மற்ற டப்பாக்களில் பாம்புகள் கயிறு மாதிரி சும்மா கிடக்க, இது மட்டும் தலையைத் தூக்கி, இடது பக்கம் சாய்த்து, ஸோனோமியையே பார்த்தது. பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்தது. ஒன்று புரியவில்லையென்றால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் தலையைச் சாய்ப்போம். ஸோனோமி தன்னையறியாமல் தானும் தலையைச் சாய்த்தாள்.

"ஸ்பைடர்னு சொல்வோம் அக்கா இந்த வகையை. வலை மாதிரி இருக்குல்ல? ஆண். ஜூலைல பொரிஞ்சது. ஏழு முட்டை, நாலு ஸ்பைடர். மூணு காலைலயே வித்துப்போயிடுச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"என்ன சாப்பிடும்?"

"எலி. ஃப்ரிட்ஜ்ல உறைய வச்சு, வெந்நீர்ல இளக்கிக் கொடுக்கணும்."

"என் ஃப்ரிட்ஜ்ல இருக்கறதுக்கு எலியே தேவலாம். எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா முப்பது."

"அடேங்கப்பா! எனக்கு எண்பத்துநாலு ஆயிடுமே. நான் இதைப் பாத்துக்கறதா, இது என்னைப் பாத்துக்கறதா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் முப்பது வருஷம் என்றதும் அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. கணவர் போய் ஒன்பது வருஷம். செத்துப்போகவில்லை, வேறொருத்தி வீட்டுக்குத்தான் போனார். அன்றிலிருந்து வீட்டில் அவள் கேட்கிற கேள்விக்கு டிவிதான் பதில் சொல்கிறது. நாய் வளர்க்க ஆசை, முடியாது. பூனையும் முடியாது. ஏனென்றால் அவள் குடியிருக்கும் கட்டிடத்தின் ஒப்பந்தத்தில் 'சத்தம் எழுப்பும் எந்தப் பிராணியும் கூடாது' என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

ஸோனோமிக்கு வேலை ஒரு சின்ன வாடகைவீட்டு ஏஜென்சியில். குடிவருகிறவரை எதிரில் உட்காரவைத்து, வீட்டைப்பற்றிய முக்கிய விவரங்கள் எல்லாவற்றையும் உரிமம் பெற்ற ஒருவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை விழவேண்டும் என்பது சட்டம். அந்த ஏஜென்சியில் வரிவிடாமல் வாய்விட்டுப் படிப்பார்கள். படிப்பது ஸோனோமி, இருபத்தாறு வருஷமாக. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய் விடாமல் குரைத்து, ஒரு மாடி முழுக்கச் சண்டையானபோது, முதலாளி சொல்லி ஏஜென்சியின் எல்லா ஒப்பந்தங்களிலும் அவள் போட்டதுதான் அந்தப் பிராணி விதி. ஓட்டை இல்லாத விதி என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. போன ஏப்ரலில் இந்த முகாய் வீடு கேட்டு வந்து, "பாம்பு சத்தம் போடாதே அக்கா?" என்று கேட்டபோதுதான் ஓட்டை தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவனுக்கு வீட்டைக் கொடுத்தாள். பாம்பு வளர்த்தால் தனக்கும் அந்த ஓட்டை பொருந்துமே என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இது எனக்கு வேணும்" என்றாள்.

"யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன். அது என்னைக் கேள்வி கேட்டுடுச்சு. பதில் சொல்லாம எப்படி விட்டுட்டுப் போறது?"

முகாய் மகிழ்ந்துபோய், மேஜைக்குப் பின்னாலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டான். டப்பாவை அவள் எதிரில் வைத்தான். அட்டையில் செருகிய காகிதத்தை எடுத்தான். எங்கள் நாட்டில் பாம்பை அப்படிச் சும்மா கைமாற்ற முடியாது. விற்கிறவர் பிராணியை நேரில் காட்டி, பதினெட்டு விவரங்களை நேருக்கு நேர் சொல்லி, வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எடுத்துப் போகலாம்.

ஸோனோமிக்கு ஒரே குஷி. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குப் படித்தவளுக்கு முதல் தடவையாக ஒருவன் உட்காரவைத்துப் படிக்கிறான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கேட்டாள்.

முகாய் நன்றாகவே படித்தான். வளர்ந்தால் எவ்வளவு நீளம், பெட்டிக்குள் எவ்வளவு சூடு, தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு பெரிசு. எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினான். 'பரவாயில்லையே, பயல் தேறிவிடுவான்' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடக்கூடாது என்கிற இடத்தில் குரலை நன்றாக உயர்த்தி, அவள் கண்ணைப் பார்த்து, "இதுதான் ரொம்ப முக்கியம், மறந்துடாதீங்க" என்றான். அவளும் மறக்கமாட்டேன் என்று தலையாட்டினாள். அவள் தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே, "பெற்றோர் மற்றும் கூடப்பிறந்தவற்றின் பரம்பரை நோய் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை பெட்டியைப் பூட்டி வைக்கவும் அவ்வளவுதான் அக்கா இங்கே ஒரு கையெழுத்து" என்று மூச்சுவிடாமல் முடித்து, பேனாவை மூடி கழற்றி நீட்டினான்.

ஸோனோமியின் கை பேனாவிடம் போகவில்லை.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். வீட்டில் ஏதாவது கோளாறு இருந்தால் அதைப் படிப்பதற்கென்றே ஒரு குரல் உண்டு. முதலில் குப்பை விதியைச் சத்தமாகப் படிக்கவேண்டும். பிளாஸ்டிக் புதன்கிழமை, பாட்டிலைக் கழுவித்தான் போடவேண்டும் என்று மிரட்டினால் எப்பேர்ப்பட்டவனும் பதறிப்போய்க் குறித்துக்கொள்வான். அவன் குறித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு வரியைக் குரல் தாழ்த்தி, அடுத்த வரியோடு ஒட்டவைத்துப் படித்துவிடவேண்டும். படித்தாகிவிட்டது, சட்டத்துக்குக் குறை சொல்ல வழியில்லை. கேட்டானா இல்லையா என்பது அவன் பாடு.

"தம்பி, பெட்டி பூட்டறதுக்கு முன்னாடி ஒரு வரி படிச்சியே. அதைத் திரும்பப் படி."

"எதுக்குக்கா?"

"மூச்சு விட்டுப் படி."

படித்தான். பரம்பரை நோய், குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா குரல் கிணத்துக்குள்ள இறங்கணும்?"

முகாய் தலையைச் சொறிந்தான். "சட்டப்படி அந்த வரி பால் குடுக்கற பிராணிகளுக்குத்தான் அக்கா. பாம்புக்கு எழுதணும்னே அவசியமில்லை."

"அவசியமில்லாததை ஏன் எழுதின? ஒண்ணுமில்லைன்னு வேற எழுதியிருக்க?"

ஒரு மிட்டாயை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். முகாய் அதைப் பார்த்தான். எடுக்கவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்து, பாம்பை இரண்டு கையாலும் தூக்கி, மேஜைமேல் கறுப்புத் துணியில் விட்டான்.

"பாருங்க."

பாம்பு நகரத் தொடங்கியது. உடம்பு நேராகத்தான் போயிற்று. தலைமட்டும் துணியைவிட்டு எழும்பி, கிடுகிடுவென்று நடுங்கி, இடது பக்கம் சாய்ந்து, சாய்ந்ததோடு நிற்காமல் முறுக்கிக்கொண்டே போய் தாடை மேலே பார்க்கத் திரும்பிவிட்டது. ஒரு கணம் அப்படியே நின்றது. எது மேலே எது கீழே என்று அதற்குத் தெரியவில்லை. பிறகு வந்த வழியே முறுக்கு அவிழ்ந்து, தலை நேராகி, மறுபடியும் ஸோனோமியைப் பார்த்துச் சாய்ந்தது.

"இது கேள்வி கேக்கலையா?" என்றாள் மெதுவாக.

"இல்லக்கா. தலையாட்டம்னு சொல்வோம். எல்லா ஸ்பைடருக்கும் உண்டு. சிலதுக்கு லேசா, சிலதுக்கு மோசமா. காதுக்குள்ள ஏதோ சரியா உருவாகறதில்லைன்னு சொல்றாங்க."

"பாம்புக்குக் காதா?"

"வெளிய இல்ல. உள்ள இருக்கு. நாம விழாம நிக்கறதே அதனாலதானாம்."

ஸோனோமிக்குக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. அதற்குத் தலை சுற்றுகிறதா? வலிக்கிறதா? சுற்றுகிறது என்று அதற்குத் தெரியுமா, அல்லது பிறந்ததிலிருந்தே உலகம் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதா? முகாய் ஒவ்வொன்றுக்கும் "தெரியாதுக்கா" என்றான். "யாருக்கும் தெரியாதுக்கா" என்றான். நழுவுகிறவன் சொல்கிற தெரியாது இல்லை அது. அவனும் பலநாள் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தவன் என்பது முகத்தில் தெரிந்தது.

செல்போனை எடுத்துத் தாய்ப்பாம்பின் வீடியோவைக் காட்டினான். இடுக்கியில் எலி தொங்குகிறது. தாய் பாய்கிறது, எலிக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் காற்றைக் கடிக்கிறது. மறுபடியும் பாய்கிறது, பெட்டிச் சுவரில் மோதுகிறது. நாலாவது தடவைதான் பிடித்தது. வீடியோவில் முகாயின் குரல், "இந்தா, இங்க, இங்கம்மா, அப்படித்தான்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

"இதை ஏண்டா மறுபடி மறுபடி பொரிக்க வைக்கற? ஆட்டம் இல்லாத ஸ்பைடரா பாத்துப் பண்ணக்கூடாதா?"

"முடியாதுக்கா. அந்தக் கோடும் இந்த ஆட்டமும் ஒண்ணாத்தான் வரும். ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை விடமுடியல."

"அப்ப எதுக்கு?"

"அழகா இருக்கு. வாங்கறாங்க." கொஞ்சம் தயங்கினான். "கோடுகூட அப்புறம்தான் அக்கா. தலையைச் சாய்க்குதுல்ல, அதைத்தான் முதல்ல பாக்கறாங்க. என்னைப் பாக்குது, என்னமோ கேக்குதுங்கறாங்க. நீங்களும் அதைத்தானே பாத்தீங்க?"

அது சுருக்கென்று தைத்தது. ஸோனோமிக்குக் கோபம் வந்தது.

"காலைல வாங்கிட்டுப் போன மூணு பேருக்கும் இதே குரல்லதான் படிச்சியா?"

"ம்."

"வெக்கமா இல்ல? இப்படிப் படிக்க உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

முகாய் அவளை நிமிர்ந்து பார்த்தான். கிண்டலில்லை, கோபமில்லை; எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டாளே என்கிற ஆச்சரியம்தான்.

"நீங்கதான் அக்கா."

கூடத்தில் யாரோ ஒலிபெருக்கியில் தொலைந்துபோன குடை ஒன்றைப்பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏப்ரல்ல படிச்சீங்களே. குப்பை பத்தி அவ்ளோ சத்தமா சொன்னீங்க. புதன்கிழமை, பாட்டிலைக் கழுவணும்னு. நான் எழுதிக்கிட்டே இருந்தேன். அப்ப என்னமோ ஒரு வரி குனிஞ்சு போச்சு. உடனே சைக்கிள் நிறுத்தற இடம் வந்துடுச்சு. முத்திரை மையைத் திறந்து என் பக்கம் தள்ளுனீங்க. நான் வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தேன். அம்மாடி, என்ன கைவரிசைன்னு. பொய்யும் சொல்லல, எதிராளியும் கேக்கல. முதல்முதலா மேஜை போட்டப்ப அந்த வரி வந்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

ஸோனோமியின் காதுமடல் சுட்டது. கையும் களவுமாகப் பிடித்தவன் திட்டினால்கூடப் பரவாயில்லை. இவன் பாராட்டுகிறான்.

"அப்போ உனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்னமோ இருக்குன்னு தெரியும். என்னன்னு தெரியாது. வாடகை கம்மி, பாம்புக்குச் சம்மதம். கேட்டா வீடு கைவிட்டுப் போயிடுமோன்னு வாயை மூடிக்கிட்டேன்." முகாய் இப்போதுதான் மிட்டாயை எடுத்தான். பிரிக்காமல் விரலில் உருட்டினான். "என்னக்கா அது?"

பாம்பு துணியின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அவன் பார்க்காமலே கையை நீட்டி அதைத் திருப்பிவிட்டான்.

இருபத்தாறு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்காதபடிதான் அவள் படித்தாள். சொன்னால் இவன் திங்கட்கிழமையே பாம்புகளைத் தூக்கிக்கொண்டு காலிசெய்யலாம். முதலாளி கத்துவார். அதைவிட, இவன் இனிமேல் தன்னை அக்கா என்று கூப்பிடமாட்டான் என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். குப்பை விதி படிக்கிற அதே குரலில், மூச்சு விட்டு, மனப்பாடமாகச் சொன்னாள்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட்ல, முன்னாடி குடியிருந்தவர், அறுபத்தேழு வயசு, உள் ரூம்ல இறந்து போனார். இயற்கை மரணம். கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆச்சு. பாயும் தரைப்பலகையும் எடுத்துட்டு விசேஷமா சுத்தம் பண்ணினாங்க."

முகாய் மிட்டாயை உருட்டுவதை நிறுத்தினான்.

"உள் ரூம்லதான் பாம்பெல்லாம் வச்சிருக்கேன்" என்றான் பிறகு. "அந்த ரூம் தரை மட்டும் புத்தம்புதுசா இருந்துச்சு. எனக்காகத்தான் மாத்திக் கொடுத்தாங்கன்னு சந்தோஷப்பட்டேன்." மிட்டாயை மேஜையில் வைத்தான். "அவர் யாருக்கா? பேரு என்ன?"

படகுக்காரனின் கல்யாணம்வரை விசாரிக்கிறவள், இந்த ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுச் சொந்தக்காரரிடம் நேராக வந்து குடியேறியவர், காகிதத்திலும் பெயருக்கு இடமில்லை. அதனால் அவளும் கேட்கவில்லை.

"தெரியாது" என்றாள். முகம் கொடுக்க முடியவில்லை.

அப்போது ஒரு ஜோடி மேஜைக்கு வந்தது. "ஐயோ, இங்க பாருங்களேன்! என்னையே பாக்குது!" என்று அந்தப் பெண் குனிந்தாள். "என்னடா கண்ணு, என்ன கேக்கற?" கணவன் ஏற்கெனவே கால்சட்டைப் பையில் கைவிட்டு நின்றான். வாங்குகிற முகம் எப்படியிருக்கும் என்று ஸோனோமிக்கு நன்றாகத் தெரியும்.

முகாய் ஸோனோமியைப் பார்த்தான். அவன் அட்டையை எடுத்து, 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்பதன்மேல் இரண்டு கோடு இழுத்தான். எங்கள் ஊரில் எழுதியதைச் சும்மா அடித்துவிட முடியாது. அடித்த இடத்தில் அடித்தவரின் முத்திரை விழவேண்டும். பையிலிருந்து சின்ன முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, கோட்டின்மேல் அழுத்தினான். பக்கத்தில் எழுதினான்: 'தாய்க்கும் கூடப்பிறந்த மூன்றுக்கும் தலையாட்டம் உண்டு. இதற்கும் உண்டு. தீராது.' அதை அந்த ஜோடிக்குச் சத்தமாகப் படித்தான்.

"அதுக்கு வலிக்குமா?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியலைங்க."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கணவன் நன்றி சொன்னான். இரண்டு பேரும் தலைதாழ்த்திவிட்டு, அடுத்த மேஜையின் ஆமைகளிடம் போய்விட்டார்கள்.

"பாத்தீங்களா?" என்றான் முகாய். "சொன்னா இதுதான். இனி இதை யாரு எடுப்பா?"

ஸோனோமி பாம்பைப் பார்த்தாள். அது சாய்ந்துகொண்டிருந்தது. இப்போது அது தன்னைக் கேட்கவில்லை என்று தெரியும். தெரிந்த பிறகும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. அதுதான் வேதனை. வாங்கினால் இவன் குளிர்காலத்தில் அந்தத் தாயை மறுபடியும் ஜோடி சேர்ப்பான். விட்டுவிட்டுப் போனால் இது இந்த டப்பாவிலேயே கிடக்கும்.

"நான் எடுக்கறேன். ஆனா அந்தத் தாயை நிறுத்தணும். இன்னொரு முட்டை கூடாது."

"அது பதினெட்டு வரில இல்லையே அக்கா."

"பத்தொன்பதாவதா எழுது."

முகாய் உதட்டைக் கடித்தான். அந்தத் தாய் அவனுடைய முதல் பாம்பு என்பதும், அதன் குஞ்சுகளால்தான் இந்த மேஜையே கிடைத்தது என்பதும் அவளுக்குத் தெரியும்; போன தடவை அலுவலகத்துக்கு வந்தபோது அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். பேனாவை எடுத்துக்கொண்டு, "சரி" என்றான். "காலைல போன மூணு பேருக்கும் இன்னைக்கே ஃபோன் பண்றேன். திருப்பிக் குடுத்தா வாங்கிக்கறேன். ஆனா நீங்க ஒண்ணு பண்ணணும்."

"என்ன?"

"அவர் பேரைக் கேட்டுச் சொல்லுங்க. தினம் அந்த ரூம்ல நின்னு பாம்புக்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். யாரு கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு தெரிய வேணாமா?"

பத்தொன்பதாவது வரியை எழுதினான். மறுபடியும் முதல் வரியிலிருந்து, ஒரே குரலில், எல்லாவற்றையும் படித்தான். ஸோனோமி கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறந்ததும் வீட்டுச் சொந்தக்காரருக்குத் தொலைபேசினாள். யுராகி என்கிற கிழவர். எப்போதும் எரிச்சலாகவே பேசுவார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கம்மா பேரு?"

"எனக்குத் தெரிஞ்சே ஆகணும் ஐயா."

"ஹொஷிதானி. ஹொஷிதானி மித்சுகி. பஸ் ஓட்டிட்டு ரிட்டையர் ஆனவர். தங்கமான மனுஷன், வாடகை ஒருநாள் தள்ளினதில்ல." கிழவரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "பேச ஆளில்ல பாவம். மூணு தடவை என் வாசல்ல வந்து நின்னார், ஒரு பூனை மட்டும் வளத்துக்கட்டுமான்னு. தெருவுல திரியற பூனைதான், எங்கேயும் போகாம இவர் பின்னாடியே வருதுன்னார். எனக்கு ஆட்சேபணையே இல்லம்மா. ஆனா அவர்கிட்ட நான் எழுதி வாங்கினது உங்க ஏஜென்சி ஒப்பந்தப் படிவத்துலதானே, அதுல சத்தம் போடற பிராணி கூடாதுன்னு இருக்கே. அந்த வரியைத்தான் காட்டினேன். சரின்னு போயிட்டார்."

ஸோனோமி தொலைபேசியை வைத்தாள். எதிரில் சுவரில் குப்பை நாள்களின் அட்டவணை தொங்கியது. அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகாய்க்கு அழைத்தாள். பெயரைச் சொன்னாள். பஸ்ஸைச் சொன்னாள். பூனையையும், அந்த விதியை எழுதியது யார் என்பதையும், எந்த வரியிலும் குரல் தாழாமல் சொன்னாள்.

பின்னணியில் பெட்டிகளை இழுத்துத் தள்ளும் சத்தம் நின்றுபோயிற்று. உள் அறையில்தான் நிற்கிறான் போலிருந்தது.

"பூனை இருந்திருந்தா பசிக்குக் கத்தியிருக்கும்ல அக்கா" என்றான். "ரெண்டாம் நாளே யாராவது கதவைத் தட்டியிருப்பாங்க."

"ஆமாம்" என்றாள் ஸோனோமி. அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

பிறகு அலமாரியைத் திறந்து ஒப்பந்தத்தின் மூலப்படிவத்தை எடுத்தாள். பிராணி விதியின்மேல் அளவுகோல் வைத்து இரண்டு கோடு இழுத்தாள். சின்ன முத்திரையை ஊதி, கோட்டின்மேல் அழுத்தினாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியின் மேஜைக்குப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, முத்திரையைப் பார்த்து, "என்னது இது, இப்ப எதுக்கு?" என்றார்.

"சொல்றேன்" என்றாள் ஸோனோமி, எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "முதல்லேர்ந்து படிக்கறேன். கேளுங்க."